மாலகி கான்சிடைனின் உயிலும் ஜன்னலோர நாற்காலியும்

லோர்கன் கீலி ஆவணக் காப்பகத்துக்குப் போனது குளிருக்காக. தன் பரம்பரையைப் பற்றி அவனுக்கு எந்த அக்கறையும் இருந்ததில்லை. பரம்பரைக்கும் அவனைப் பற்றி அக்கறை இருந்த மாதிரி தெரியவில்லை.

டப்ளினில் அவன் வாடகைக்கு இருந்த அறை, ஒரு காலத்தில் இன்னொரு அறையின் அலமாரியாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே கதவைத் திறக்கலாம், ஜன்னலைச் சாத்தலாம், முட்டை பொரிக்கலாம். முப்பத்தாறு வயதுக்கு இது ஒரு சாதனை என்றே அவன் நினைத்திருந்தான். ஜனவரியில் ஒருநாள் கதவுக்கு அடியில் ஒரு கடிதம் நுழைந்தது. வீட்டை விற்கப் போவதாகவும், பிப்ரவரி முடிவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றும், இதைச் சொல்ல மனசே வரவில்லை என்றும் வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அவன் அதைப் படித்து முடிக்கிற வரைக்கும் கதவுக்கு வெளியே அவர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு லோர்கன் பதினேழு அறைகளைப் பார்த்தான். பதினேழாவதற்கு வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். அவனுக்கு முன்னால் நின்றவர் பல் மருத்துவர். தன் நடத்தைக்கு மூன்று பேரிடம் சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். அதில் ஒருவர் ஆயர்.

லோர்கனின் வேலை, ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சார்பாக வாடிக்கையாளர்களிடம் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்பது. மாலை ஐந்திலிருந்து இரவு வரை. எங்கிருந்து வேண்டுமானாலும் மன்னிப்புக் கேட்கலாம் என்பது அந்த வேலையின் ஒரே வசதி. பகலில் வெப்பமும் மேசையும் இலவசமாகக் கிடைக்கிற ஓர் இடம் தேவைப்பட்டது. ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில் இரண்டும் இருந்தன. ஆனால் அங்கே உட்கார வேண்டுமானால் எதையாவது தேட வேண்டும்.

"யாரைத் தேடுற தம்பி?" என்று முதல் நாளே கேட்டாள் பக்கத்து மேசையில் இருந்த அட்ராக்டா குயில்டி. அஞ்சல் நிலையத்தில் முப்பது வருஷமாக, உயிரோடு இருப்பவர்களின் முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு, ஊரார் கேட்டுக்கொண்டதன் பேரில், செத்தவர்களின் முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரையும் இல்ல. சும்மாதான்."

"சும்மா உக்கார விடமாட்டாங்க. செத்தவன் எவன் பேரையாவது சொல்லு."

லோர்கன் யோசித்தான். "எங்க தாத்தாவோட பாட்டி கான்சிடைன் குடும்பம்னு அப்பா சொல்லுவாரு."

"கிளேர் மாவட்டமா?"

"ஆமா."

"அங்க தடுக்கி விழுந்தா கான்சிடைன் மேலதான் விழணும். சரி, விழுந்து பாப்போம். உயில்ல ஆரம்பி."

"அவங்ககிட்ட உயில் எழுதற அளவுக்கு என்ன இருந்திருக்கப் போகுது?"

"ஒண்ணும் இல்லாதவன்தான் நல்லா எழுதுவான். இருக்கிறவன் வக்கீல்கிட்ட விட்டுருவான், படிக்கவே முடியாது. இல்லாதவன் கோழியைக்கூட பேர் சொல்லி எழுதி வெச்சிருப்பான்."

வழியையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். ஆண்டுக்கு ஒன்றாக அச்சடித்த தடிப் பட்டியல்கள் இருந்தன. செத்தவர் பெயர், ஊர், செத்த தேதி, உயிலை நிறைவேற்றப் பொறுப்பேற்றவர் பெயர், அவ்வளவுதான் அதில் இருக்கும். உயிலே வேண்டுமென்றால் சிக்கல். 1922-இல் டப்ளினில் ஆவணக் கட்டடம் எரிந்தபோது மூல உயில்களும் சேர்ந்து எரிந்துபோயின. ஆனால் வெளியூர்ப் பதிவகங்களில் குமாஸ்தாக்கள் ஒவ்வொரு உயிலையும் பெரிய பேரேடுகளில் நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அவை பிழைத்தன.

"ஒரே விஷயத்தை ரெண்டு தடவை எழுதறானேன்னு அந்தக் குமாஸ்தாவை எத்தனை பேர் கிண்டல் பண்ணியிருப்பான்," என்றாள் அட்ராக்டா. "இப்ப பாரு."

அந்த வாசிப்பறையில் இருந்த எல்லோருமே ஓர் அரசனையோ தூக்கிலிடப்பட்ட புரட்சிக்காரனையோதான் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கனடாக்காரர் தன் மூதாதையான கப்பல் தலைவனை மூன்று நாளாகத் தேடினார். நான்காம் நாள் உயில் கிடைத்தது. அதில் அந்த மூதாதை, தன் வாழ்நாளில் தண்ணீரில் கால் வைத்ததில்லை என்று பெருமைப்பட்டிருந்தார். கனடாக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

லோர்கனுக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லாததால் இரண்டே நாளில் கிடைத்துவிட்டது. லிஸ்ஃபாடா ஊர் விவசாயி மாலகி கான்சிடைன், 1894. அவன் தாத்தாவின் பாட்டியான ஹானோராவின் அப்பா. பேரேட்டைப் படமெடுத்த சுருளை மாட்டி, லோர்கன் நுண்படக் கருவியின் கைப்பிடியைச் சுற்றினான். திரையில் குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து நகர்ந்து வந்து நின்றது.

உடம்பு சரியில்லாமலும் புத்தி சரியாகவும் இருந்த மாலகி, நிலம், வீடு, மாடுகள் எல்லாவற்றையும் மகன் டெனிஸுக்குக் கொடுத்திருந்தார். மனைவிக்கு இறகு மெத்தை. அதற்குப் பிறகு இப்படி இருந்தது:

"என் மகள் ஹானோராவுக்கும், அவளுக்குப் பின் அவள் இரத்தத்தில் இருக்க இடமில்லாமலும் கல்யாணமாகாமலும் இருக்கும் எவருக்கும், இவ்வீட்டில் மேற்கு அறையும், அடுப்பங்கரையில் ஜன்னல் பக்கத்து இருக்கையும், ஒரு மாட்டின் பாலும், ஞாயிறு பூசைக்கு வண்டியில் ஓர் இடமும் என்றைக்கும் உண்டு. ஆனால் ஹானோரா, உட்காரச் சொன்னால் வேண்டாம் என்பாள். பிறகு உட்காரச் சொல்லவில்லை என்று ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆகவே வீட்டார் மூன்று முறை அந்த இருக்கையில் உட்காரச் சொல்லி, மூன்று முறையும் வேண்டாம் என்பவருக்கு அத்துடன் எல்லா உரிமையும் முடிந்தது. அதற்கு மேல் டெனிஸை யாரும் குறை சொல்லக் கூடாது."

இருக்க இடமில்லாமலும் கல்யாணமாகாமலும். லோர்கன் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தான். தன்னை இவ்வளவு துல்லியமாக இதுவரை யாரும் வர்ணித்ததில்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே ஒருவர் அதைச் செய்துவிட்டு, கூடவே ஓர் அறையும் கொடுத்திருந்தார்.

அட்ராக்டா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"கோர்ட்டுக்குப் போனா சிரிச்சு அனுப்பிடுவாங்க," என்றாள்.

"தெரியும்."

"ஆனா கிளேர்ல கோர்ட்டுக்கு எவன் பயப்படறான்? செத்தவர் வார்த்தையை மீறிட்டாங்கன்னு ஊர் பேசுமே, அதுக்குத்தான் பயம். தைரியமா போய்க் கேளு. ஆனா ஒண்ணு. முதல் தடவை உக்காருங்கன்னு சொன்ன உடனே உக்காந்துரணும்."

லோர்கன் அவளைப் பார்த்தான். "முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

"அசிங்கமா இருக்காதா?"

"உனக்கு வீடு வேணுமா, மானம் வேணுமா?"

அது எளிதான கேள்வி இல்லை. ஒரு வீட்டில் ஏதாவது கொடுத்தால், முதலில் "வேண்டாங்க", அடுத்து "உங்களுக்கு எதுக்குச் சிரமம்", மூன்றாவதாக "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு வாய்" என்றுதான் லோர்கன் வளர்க்கப்பட்டிருந்தான். எல்லோரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டிருந்தார்கள். ஏழு வயதில் எதிர்வீட்டில் கேக் கொடுத்தபோது முதல் தடவையே வாங்கிவிட்டான். மறுநாள் அம்மா அந்த வீட்டுக்கு ஒரு முழு கேக்கோடு போய், பிள்ளைக்கு அன்றைக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

லிஸ்ஃபாடாவில் அதே வீட்டில் இப்போது டெனிஸின் பேத்தி டீலியா கான்சிடைனும் அவள் அண்ணன் ஜேம்ஸியும் இருப்பதாக அட்ராக்டா இரண்டு தொலைபேசி அழைப்பில் கண்டுபிடித்தாள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்கள். லோர்கன் தான் யார் என்பதைச் சொல்லி, மூன்று பத்திக்கு மன்னிப்புக் கேட்டு, கடைசியில் விஷயத்தை எழுதினான். ஒரு அஞ்சல் அட்டையில் பதில் வந்தது. "சனிக்கிழமை வரவும். உயில் எங்களிடமும் இருக்கிறது. டீலியா."

சனிக்கிழமை கிளேர் மாவட்டத்து என்னிஸ் நகருக்குப் போகிற பேருந்தில் அவன் வாய்க்குள்ளேயே பயிற்சி செய்துகொண்டு போனான். சரிங்க, நன்றி. சரிங்க, நன்றி. பாதி வழியில் பக்கத்து இருக்கைப் பெண்மணி ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "சாண்ட்விச் சாப்பிடுறீங்களா?" என்றாள்.

"ஐயோ வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்," என்றான் லோர்கன். அவன் நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை. அவள் மூன்றாவது முறை கேட்டபோது வாங்கிக்கொண்டான். கண்ணீர் வராத குறை.

என்னிஸிலிருந்து லிஸ்ஃபாடாவுக்கு ஒரு வேன்காரர் ஏற்றிக்கொண்டார். பெயர் பேக்கி லெர்னிஹன். டீலியாவின் பக்கத்துப் பண்ணை.

"கான்சிடைன் வீட்டுக்கா? என்ன, சாவா உயிலா?"

"உயில்."

"அப்ப நீதான் ஹானோராவோட ஆளு." பேக்கி சாலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தபடி ஓட்டினார். "வருவீங்கன்னு என் அப்பாவே சொல்லிக்கிட்டிருந்தாரு. இவ்வளவு நாளாயிடுச்சே, என்ன பஸ் கிடைக்கலையா?"

பண்ணை வாசலில் அவனை இறக்கிவிட்டு, தானும் ஒரு வேலையாகப் பிறகு வர வேண்டியிருப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று வழியில் யோசித்துக்கொள்வார் போலிருந்தது.

டீலியாவுக்கு அறுபத்தாறு வயது. நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். கதவைத் திறந்தவள், அவன் மூக்கைப் பார்த்து, "கான்சிடைன் மூக்குதான்," என்றாள். அது பாராட்டாகத் தெரியவில்லை. அடுப்பங்கரைச் சுவரில் திருஇருதய ஆண்டவர் படமும் அதற்கு நேர்கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் உயிலின் குடும்பப் பிரதியும் தொங்கின. அடுப்பில் நிலக்கரி கனன்றுகொண்டிருந்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் ஜேம்ஸி. எழுபது வயது, கையில் செய்தித்தாள். அந்த நாற்காலியும் அவரும் நாற்பது வருஷமாக ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்ட மாதிரி ஒரே வளைவில் இருந்தார்கள்.

"வாங்க தம்பி, மழையில வந்திருக்கீங்க," என்ற டீலியா, அதே மூச்சில், அதே குரலில், "அந்த ஜன்னல் பக்கம் உக்காருங்க," என்றாள்.

"இல்லல்ல, பரவாயில்லங்க, பஸ்ல உக்காந்துக்கிட்டேதான் வந்தேன்," என்றான் லோர்கன்.

"ஒண்ணு," என்றார் ஜேம்ஸி, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.



"அது... அது சும்மா பேச்சுக்குச் சொன்னது," என்றான் லோர்கன்.

"எங்க வீட்டுல எல்லாமே பேச்சுக்குத்தான் சொல்றது," என்றாள் டீலியா. "டீ குடிப்பீங்கல்ல?"

அவள் கெண்டியை எடுத்தாள். லோர்கன் பல்லைக் கடித்துக்கொண்டான். அடுத்த தடவை சொன்னால் உட்கார்ந்துவிடுவது. நேராகப் போய், ஜேம்ஸி எழுந்தாலும் எழாவிட்டாலும், உட்கார்ந்துவிடுவது. டீலியா அவன் வலது கையில் நிறைந்த கோப்பையைக் கொடுத்தாள். இடது கையில் ரொட்டியும் வெண்ணெயும் பன்றிக்கறியும் அடுக்கிய தட்டைக் கொடுத்தாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் முழுக் கவனமும் தட்டில் இருந்தபோது, "கால் கடுக்கும். அங்க உக்காருங்களேன்," என்றாள்.

"முதல்ல நீங்க உக்காருங்க," என்றது அவன் வாய்.

"ரெண்டு."

"அது வேண்டாம்னு அர்த்தம் இல்லையே," என்றான் லோர்கன்.

"உங்க வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்?" என்று டீலியா கேட்டாள்.

லோர்கன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். அவன் வீட்டிலும் அதற்கு அதுதான் அர்த்தம்.

அதோடு டீலியா நிறுத்திக்கொண்டாள்.

நிலவரம் இருவருக்கும் புரிந்திருந்தது. மூன்றாவது முறை கேட்டால் அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஆகவே அவள் கேட்கப் போவதில்லை. கேட்காத வரை உரிமை போகாது, ஆகவே அவனும் நகரப் போவதில்லை. அடுப்பங்கரையில் இன்னும் ஐந்து நாற்காலிகள் காலியாக இருந்தன. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டால் ஜன்னலோர நாற்காலி வேண்டாம் என்று ஆகிவிடும். எனவே லோர்கன் ஐந்து காலி நாற்காலிகளுக்கு நடுவே, ஒரு கையில் கோப்பையும் மறு கையில் தட்டுமாக நின்றான். எதைக் கொண்டு எதை வாயில் போடுவது என்று முடிவெடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று.

பன்னிரண்டரைக்கு மத்தியானச் சாப்பாடு. அவித்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. லோர்கனின் தட்டை டீலியா அலமாரியின் மேல்தட்டில், அவன் மார்பு உயரத்துக்கு வைத்தாள். நின்றபடி சாப்பிட வசதியாக இருந்தது. இதில் ஓர் அனுபவம் தெரிந்தது.

"நீங்க நிக்கிற அந்தக் கல்லு இருக்கே," என்றாள், "அதுலதான் ஹானோராவும் நின்னாங்க. எங்க அப்பா சொல்லுவாரு. ரெண்டு வருஷம்."

லோர்கன் குனிந்து பார்த்தான். கல் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. "ரெண்டு வருஷம் எதுக்கு நின்னாங்க?"

"ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூணாவது தடவை என் தாத்தா கேக்கல."

"அப்புறம்?"

"டப்ளின் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. உக்காரணும்ல."

லோர்கனுக்கு அந்தப் பெண்மணி மேல் முதன்முறையாகப் பாசம் வந்தது.

"உங்களுக்கு அங்க இடமே கிடைக்கலையா?" என்றார் ஜேம்ஸி.

"பதினேழு பாத்தேன். கடைசியா பாத்ததுல எனக்கு முன்னால ஒரு பல் டாக்டர்."

"அவருக்குக் கிடைச்சுதா?"

"இல்ல."

ஜேம்ஸி தலையை ஆட்டினார். பல் மருத்துவருக்கே இல்லையென்றால் நாட்டில் ஏதோ கோளாறுதான் என்பது போல.

"நான் உங்களை ஏமாத்தப் பாக்கறேன்னு நினைக்காதீங்க," என்றாள் டீலியா. அடுப்பைக் கிளறியபடி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். "இந்த வீட்டுல எங்க தாத்தா, எங்க அப்பா, அப்புறம் நான். மேற்கு அறைக்கு வெள்ளை அடிக்கணும்னாலும் சுவத்துல இருக்கிறதைப் படிச்சுப் பாத்துட்டுத்தான் அடிக்கணும். அந்த அறையில ஒரு பொருளை வெச்சதில்ல. யாரையும் தங்க வெச்சதில்ல. என்னைக்காவது ஹானோராவோட ஆளு வருவான்னு. அறுபத்தாறு வயசாகுது, என் வீட்டுல யார் இருக்கணும்னு இன்னும் மாலகி சொல்லிக்கிட்டிருக்காரு. அவரு செத்தது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் போல."

 லோர்கன் பழக்க தோஷத்தில், "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்," என்றான்.

மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் ஆட்டம் தொடங்கியது. கிளேர் அணி தோற்றுக்கொண்டிருந்தது. லோர்கன் வலது காலில் பத்து நிமிடம், இடது காலில் பத்து நிமிடம் என்று முறை வைத்து நின்றான். நான்கு மணிக்குக் கதவைத் தட்டாமலே பேக்கி லெர்னிஹன் உள்ளே வந்தார். கையில் ஓர் ஏணி.

"ஏணியைத் திருப்பிக் குடுக்க வந்தேன்."

"அது உன் ஏணிதானே," என்றார் ஜேம்ஸி.

"அப்படியா," என்றார் பேக்கி. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, காலி நாற்காலி ஒன்றில் யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். பக்கத்துவீட்டுக்காரர் என்றால் அதெல்லாம் கணக்கில் வராது. பிறகு லோர்கனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்த வெறும் தட்டைப் பார்த்தார்.

"காலையில பத்தரைக்கு இறக்கிவிட்டேன்," என்றார் மெதுவாக. "விருந்தாளி ஏன் நிக்கிறாரு?"

டீலியாவின் காதுகள் சிவந்தன. நாளைக்குக் காலை பூசை முடிந்து கோவில் வாசலில் எல்லோரும் நிற்கும்போது பேக்கி என்ன பேசுவார் என்பது அடுப்பங்கரையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும். கான்சிடைன் வீட்டில் டப்ளினிலிருந்து வந்த ஆளை ஐந்தரை மணி நேரம் நிற்க வைத்தார்கள், சோறு போட்டதும் நின்றபடிதான். இது மாவட்டத்தின் கடற்கரை வரைக்கும் போகும். டீலியா நிமிர்ந்தாள். கைகளை மேல்துணியில் துடைத்துக்கொண்டாள்.

"தம்பி," என்றாள். "அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில உக்காருங்க."

லோர்கன் இதற்காகத்தான் வந்திருந்தான். காலையிலிருந்து இதற்காகத்தான் நின்றிருந்தான். சரிங்க, நன்றி. இரண்டே வார்த்தை. அவன் வாயைத் திறந்தான்.

ஜேம்ஸி செய்தித்தாளை மடித்து வைத்தார். வீட்டார் உட்காரச் சொல்லிவிட்டால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியது அவர் பங்கு. இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றினார். போன வருஷம் மாற்றிய இடுப்பெலும்பு ஒரு சத்தம் போட்டது. பாதி எழுந்தார், நின்றார், மூச்சு வாங்கினார். மெத்தையில் நாற்பது வருஷத்துப் பள்ளம் அப்படியே அவர் வடிவத்தில் இருந்தது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. வேறு எந்த நாற்காலியில் போய் உட்காருவது என்று காலியாக இருந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், புது ஊருக்கு வந்த மாதிரி.

"ஐயோ வேண்டாங்க, நீங்க எந்திரிக்காதீங்க," என்றான் லோர்கன். "எனக்கு இப்படியே நல்லா இருக்கு."

ஜேம்ஸி மறுபடி உட்கார்ந்தார். மூன்று என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன ஒரு வளர்ப்பு," என்றார் பேக்கி, உண்மையிலேயே நெகிழ்ந்துபோய். "டப்ளின்ல இன்னும் இப்படி ஆளுங்க இருக்காங்களா."

டீலியா சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்க அட்டையைத் திறந்து உயிலை எடுத்து, அதன் அடியில் பென்சிலால் எழுதினாள். மூன்று முறை கேட்டாயிற்று, மூன்று முறையும் மறுத்தாயிற்று. தேதி போட்டாள். பேக்கியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். பேக்கி கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார். உயிலை மறுபடி சட்டத்தில் போடாமல் மேசை இழுப்பறையில், கரண்டிகளோடு வைத்தாள். பிறகு அடுப்பங்கரையைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள், யாரோ கூட்டம் கலைந்து போன பிறகு பார்க்கிற மாதிரி.

லோர்கன் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டான், நேரம் எடுக்கும் என்பதால்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் டீலியா.

"டப்ளினுக்கு."

"அங்க எங்க?"

"இன்னும் எட்டு நாளைக்கு அந்த அறை இருக்கு."

"அதுக்கப்புறம்?"

"ஒரு நண்பன் வீட்டுல சோபா இருக்கு. அதுல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான். ஆனா அவன் ஒல்லி."

டீலியா இதைப் பற்றி யோசித்தாள். சுவரில் சட்டம் இருந்த இடத்தில் ஒரு வெளிர்ச் சதுரம் தெரிந்தது. அதைப் பார்த்தாள்.

"மேற்கு அறை சும்மாதான் கிடக்கு," என்றாள். "வேணும்னா நீங்க இருந்துக்கலாம்."

"சரிங்க, நன்றி," என்றான் லோர்கன்.

அவன் நினைத்துச் சொல்லவில்லை. காலையிலிருந்து வாய்க்குள் காத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.  பேக்கியின் முகத்திலிருந்த நெகிழ்ச்சி மெல்ல வடிந்தது. ஜேம்ஸி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம்னு சொல்லலையே," என்றார் பேக்கி.

"டப்ளின்காரன்," என்றார் ஜேம்ஸி.

 இன்னும் இரண்டு தடவை கேட்பதற்கான வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்த டீலியா, அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். ஒருவேளை அந்த இரண்டு தடவைக்குள் மனசு மாறிக்கூட இருக்கலாம். இப்போது அதற்கு வழியில்லை.

"ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க," என்றாள் கடைசியில். "இது மாலகி குடுத்தது இல்ல. நான் குடுத்தது."

"புரியுதுங்க."

"உங்களுக்கு இங்க எந்த உரிமையும் கிடையாது."

"கிடையாதுங்க."

"நான் போன்னு சொன்னா அன்னைக்கே போகணும். நாளைக்கேகூடச் சொல்லுவேன்."

"சொல்லுங்க, போறேன்."

இதைக் கேட்டு அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக, தன் வீட்டிலிருந்து ஒருவரைத் துரத்தும் அதிகாரம் அவள் கைக்கு வந்திருந்தது. அவ்வளவு நல்ல பொருளை முதல் நாளே செலவழிக்க அவளுக்கு மனமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. "அந்த அறையில இணையம் வருமான்னு தெரியல," என்றாள். "வரலைன்னா இங்க மேசையில வெச்சு வேலை செய்யுங்க. சத்தம் போடாம மன்னிப்புக் கேக்க முடியும்ல?"

"எழுதறதுதாங்க."

"அப்ப சரி."

அவள் படுக்கை விரிப்புகளைத் தேடிப் போனாள். பேக்கி ஏணியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியேறினார். வழியில் சொல்ல வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன. லோர்கன் கோட்டைக் கழற்றினான். ஐந்து நாற்காலிகளில் கதவோரம் இருந்த ஒன்றை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு, யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தான். முழங்கால்கள் இரண்டும் நன்றி சொல்லின.

திரையில் கிளேர் ஒரு கோல் போட்டது.

"தம்பி," என்றார் ஜேம்ஸி. "கொஞ்சம் நகந்து உக்காரு. மறைக்குது."